மெஷினில் ஹெமடோகிரிட் 35.4, சுழற்றினால் 38: எதை ரிப்போர்ட்டில் எழுதுவது?

தட்டோன் லேப்:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் தட்டோனில் சின்ன கிளினிக் லேப். கையில் இருப்பது: வெள்ளையணுவை மூன்று வகையாகப் பிரிக்கும் செல் கவுண்டர், கேப்பிலரி டியூப் சுழற்றும் சென்ட்ரிபியூஜ், மைக்ராஸ்கோப், நியூபாயர் சேம்பர் (அணுக்களைக் கையால் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி), 540 நானோமீட்டர் ஃபில்டர் போட்ட கலரிமீட்டர். கரண்ட் போனால் ஜெனரேட்டர்.

இன்று காலை வந்த மூன்று சாம்பிளிலும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மூன்றுமே ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு) டியூப்.

முதல் சாம்பிள், 24 வயதுப் பெண், சோர்வு. ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணு 56.2 லட்சம், எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 63, ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, சதவீதத்தில்) 35.4, தட்டணு 4,62,000. கேப்பிலரி டியூபில் சுழற்றினால் ஹெமடோகிரிட் 38 வருகிறது. ஸ்லைடில் தட்டணு 3 லட்சத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, 9 வயதுப் பையன், காய்ச்சல் நான்காம் நாள். சீட்டில் டாக்டர் 'துவே லுன் தோக்குவே' (ரத்தக்கசிவு டெங்கு) சந்தேகம் என்று எழுதியிருக்கிறார். தட்டணு 41,000 என்று மெஷின் சொல்கிறது. ஆனால் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஹெமடோகிரிட் 37.5, அது நார்மல். இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் இல்லாதபோது இதே மெஷினில் எடுத்தது 31.

மூன்றாவது, 52 வயது ஆண். ஹீமோகுளோபின் 16.8, சிவப்பணு 45 லட்சம், எம்.சி.வி. 90, ஹெமடோகிரிட் 40.5, எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 41.5. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் நட்சத்திரம் போட்டிருக்கிறது.

எந்த எண்ணை நம்பி எழுதுவது? மெஷின் இதில் எதை நிஜமாக அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டுத் தருகிறது? பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். அடிப்படையிலிருந்து சொன்னால் அவர்களுக்கும் உதவும்.

---

மோல்மேன்காரி:

தம்பி, முதலில் இரண்டாவது சாம்பிளைப் பாருங்கள். மற்ற இரண்டும் நாளை வரை பொறுக்கும், அது பொறுக்காது.

41,000 உங்களைப் பயமுறுத்துகிறது, 37.5 நார்மலாகத் தெரிகிறது. எனக்கு அந்த 37.5தான் பயம். பையனுடைய சொந்த அளவு 31. அதிலிருந்து 37.5 என்றால் 21 சதவீத ஏற்றம். டெங்குவில் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறினால் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக பிளாஸ்மா வெளியே கசிகிறது என்று பொருள். திரவம் வெளியேறிவிடுகிறது, அணுக்கள் உள்ளேயே தங்குகின்றன, அதனால் அணுக்களின் பங்கு கூடிக் காட்டுகிறது. வாந்தியிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதிலும் ஓரளவு ஏறும்தான், ஆனால் அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் கசிவு தொடங்கும், நான்காம் நாள் அந்த வாசலில் நிற்கிறது. ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டருக்குப் போன் போட்டு இரண்டு எண்ணையும் தேதியோடு சொல்லுங்கள்: அன்று 31, இன்று 37.5. வெறும் 37.5 என்று மட்டும் போனால் அவரும் நார்மல் என்று வைத்துவிடுவார். மேற்கொண்டு படிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா (ஹீமோகுளோபினில் பரம்பரையாக வரும் கோளாறுகள்) இரண்டும் சகஜம். அப்படிப்பட்ட பிள்ளையின் அடிமட்ட ஹெமடோகிரிட்டே 30 பக்கம்தான் நிற்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் நார்மல் எல்லையோடு ஒப்பிட்டால் கசிவு கண்ணில் படாது.

இப்போது அடிப்படை. பிள்ளைகள் கையில் ஒரு கேப்பிலரி டியூபைச் சுழற்றிக் கொடுங்கள், ரத்தத்தின் கூட்டு முழுவதும் அதிலேயே இருக்கிறது. அடியில் களிமண் அடைப்பு. அதன்மேல் இறுக்கமான சிவப்புத் தூண், அதுதான் சிவப்பணு. அதன் தலையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெண்சாம்பல் பட்டை: வெள்ளையணுவும் தட்டணுவும். அதற்கு மேல் வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. ஆரோக்கியமான ஆளுக்குப் பிளாஸ்மா சுமார் 55 பங்கு, சிவப்பணு 45 பங்கு, வெண்பட்டை ஒரு பங்குக்கும் கீழே. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிவப்பு இன்னும் குறைவாக இருக்கும். அந்த வெண்பட்டையைச் சேர்க்காமல் சிவப்பின் தலையில் கோடு வைத்துப் படிப்பதுதான் ஹெமடோகிரிட். அதைச் சேர்த்துப் படித்தால் வெள்ளையணு எகிறிய சாம்பிளில் எண் கூடிவிடும்.

மெஷின் இப்படிப் பார்ப்பதே இல்லை. உப்புக் கரைசலில் ரத்தத்தை நீர்த்து, மிகச் சிறிய துளை வழியாக ஒவ்வொரு அணுவாக உறிஞ்சுகிறது. துளையின் இரு பக்கமும் மின்சாரம் ஓடுகிறது. அணு உள்ளே நுழையும்போது தன் பருமன் அளவுக்கு உப்புத் தண்ணீரை விலக்கும், அந்தக் கணத்தில் மின்தடை துள்ளும். எத்தனை துள்ளல் என்பது எண்ணிக்கை, துள்ளலின் உயரம் அணுவின் பருமன். வாலஸ் கோல்டர் இதற்கு 1953இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் சின்ன மெஷின்களுக்கு உள்ளே இருப்பது அதுதான். ஹீமோகுளோபின் மட்டும் தனி அறையில் அணுக்களை உடைத்து, நிறத்தை ஒளியால் அளப்பது.

ஆகவே உங்கள் மெஷின் நேரடியாக அளப்பது சிவப்பணு எண்ணிக்கை, எம்.சி.வி., ஹீமோகுளோபின். ஹெமடோகிரிட் கணக்கு: சிவப்பணு (பத்து லட்சத்தில்) × எம்.சி.வி. ÷ 10, முதல் சாம்பிளுக்கு 5.62 × 63 ÷ 10 = 35.4. எம்.சி.எச்.சி.யும் கணக்குதான், ஹீமோகுளோபினை ஹெமடோகிரிட்டால் வகுத்தது. சில கம்பெனிகளின் மெஷின் துள்ளல் உயரங்களைக் கூட்டி ஹெமடோகிரிட்டை எடுத்து, எம்.சி.வி.யைக் கணக்கில் கொண்டுவரும். உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள்.

38க்கு வருவோம். சுழற்றும்போது அணுக்களுக்கு இடையில் கொஞ்சம் பிளாஸ்மா சிக்கிக்கொள்ளும், அதனால் டியூப் எப்போதும் மெஷினைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். சாதாரண ரத்தத்தில் 2, 3 சதவீதம். அதாவது மெஷினில் 40 என்றால் டியூபில் 41 பக்கம். சின்ன, வடிவம் கெட்ட அணுக்களில் இது கூடும். ஆனால் 35.4க்கு 38 என்பது 7 சதவீதத்துக்கு மேல். அது முழுக்கச் சிக்கிய பிளாஸ்மா என்று நான் நம்பவில்லை. உங்கள் சென்ட்ரிபியூஜ் ஜெனரேட்டரில் ஓடியதா? மின்னழுத்தம் இறங்கினால் சுற்றும் இறங்கும், அணு முழுசாக இறுகாது. அதே டியூபை நல்ல கரண்டில், நிமிடத்துக்கு 12,000 சுற்றில் மறுபடி 5 நிமிடம் போடுங்கள். எண் இறங்கினால் முதல் சுற்று போதவில்லை. இறங்காமல் அப்படியே நின்றால்தான் அது கடைசி எண்.

டியூபில் கை தவறும் இடங்கள்: முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ரத்தம் படாத முனையை அடையுங்கள். சிவப்பு வளையம் போட்ட டியூபில் ஹெபரின் தடவியிருக்கும், அது விரலில் குத்தி எடுக்க. ஈ.டி.டி.ஏ. ரத்தத்துக்கு நீல வளையம் போதும். சுழன்று நின்றவுடன் படியுங்கள். படுக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் சிவப்பின் தலை சரிந்துவிடும், எந்த ஓரத்தில் கோடு வைப்பது என்றே தெரியாது. ஒரே ரத்தத்தில் இரண்டு டியூப் போடுங்கள், இரண்டுக்கும் ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்றால் இரண்டையும் கொட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

ரிப்போர்ட்டில் மெஷின் எண்ணையே எழுதுங்கள், 'மெஷின்' என்று பக்கத்தில் குறியுங்கள். டெங்கு நோயாளி என்றால் இது கட்டாயம். காலையில் மெஷினில் 36, மாலையில் கரண்ட் இல்லாமல் டியூபில் 38.5 என்று எழுதினால், கசியாத ரத்தம் கசிவது போலத் தெரியும். தலைகீழாக எழுதினால் நிஜக் கசிவு மறைந்துபோகும். முதல் நாள் எந்த முறையோ கடைசி நாள் வரை அதே முறை. கரண்ட் நம்ப முடியாத லேப் என்றால் முதல் நாளே இரண்டு முறையிலும் எடுத்து இரண்டையும் எழுதி வைத்துவிடுவது நல்லது.

---

பெகு ஸ்லைடு:

அக்கா ஹெமடோகிரிட்டைச் சொல்லிவிட்டார், நான் தட்டணு.

41,000இல் எத்தனை நிஜம் என்று பார்க்க ஸ்லைடு ஒன்று போதும். ஸ்மியரின் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் படலம்) வால் முனைக்குப் போங்கள், மெல்லிய ஓரம். அங்கே தட்டணுக்கள் பத்து, இருபதாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் மெஷின் எண்ணைக் கிழித்துப் போடலாம். கொத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, ரத்தம் எடுக்கும்போதே உறையத் தொடங்கியது: ஊசி தேடல், மெதுவான இழுப்பு, டியூபை ஆட்டாமல் வைத்தது. பிள்ளைகளிடம் எடுக்கும்போது இதுதான் முக்கால்வாசி. குச்சியால் டியூபைக் கிளறிப் பாருங்கள், நூல் போல ஏதாவது சுற்றி வந்தால் அந்த சாம்பிளே வேண்டாம், வேறு எடுங்கள். இரண்டாவது, சிலர் ரத்தத்தில் ஈ.டி.டி.ஏ. பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும். உடம்புக்குள் எந்தக் கோளாறும் இல்லை, டியூபுக்குள் மட்டும் நடப்பது. நேரம் ஆக ஆக எண் இறங்கிக்கொண்டே போகும். கொத்துகளை மெஷின் வெள்ளையணு என்று எண்ணிவிடுவதால் அந்தப் பக்கம் கூடும். டெங்குவில் வெள்ளையணு இறங்க வேண்டிய இடத்தில் ஏறித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

வழி: நீல மூடி சிட்ரேட் டியூபில் குறிவரை ரத்தம் எடுத்து உடனே மெஷினில் விடுங்கள். அதில் 1 பங்கு மருந்துக்கு 9 பங்கு ரத்தம், அதனால் வந்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். தட்டணுவுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று நினைத்து மற்ற எண்களை அப்படியே எழுதுகிறார்கள். சிட்ரேட் டியூபிலிருந்து மற்ற எதையும் எழுதாதீர்கள், அவற்றை ஈ.டி.டி.ஏ.யிலிருந்தே எடுங்கள். இன்னொன்று, சிட்ரேட்டிலும் சிலருக்குக் கொத்து வரும். ஸ்லைடு பார்க்காமல் அதையும் நம்பக்கூடாது.

கையால் எண்ணவும் பழகி வையுங்கள், மழைக்காலத்தில் மெஷின் நிற்கிற நாள் வரும். 1 சதவீத அம்மோனியம் ஆக்சலேட் 0.38 மி.லி., ரத்தம் 20 மைக்ரோ லிட்டர். பிப்பெட்டின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள், வெளியே ஒட்டிய ஒரு துளியே எண்ணைக் கெடுக்கும். கால் மணி நேரம் கலக்கினால் சிவப்பணு உடைந்து கரைசல் தெளியும். சேம்பரை நிரப்பி, ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி டிஷ் மூடிக்குள் 20 நிமிடம் விடுங்கள். தட்டணு லேசானது, கீழே இறங்கி உட்கார அவ்வளவு நேரம் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் அதற்குள் ஓரம் காய்ந்து போகும். பிறகு 40 லென்ஸ், வெளிச்சத்தைக் குறைத்து, நடுச் சதுரத்தில் உள்ள 25 சின்னக் கட்டங்களில் நான்கு மூலையும் நடுவும் ஆக 5 கட்டம் எண்ணி 1000ஆல் பெருக்குங்கள். 158 வந்தால் 1,58,000. மைக்ராஸ்கோப்பின் நுண் ஃபோகஸைத் திருப்பும்போது தட்டணு மினுக்கும், தூசி மினுக்காது. எண்ணிக்கை மிகக் குறைவு என்று தெரிந்தால் 5 கட்டம் போதாது, 25ஐயும் எண்ணி 200ஆல் பெருக்குங்கள். ஆக்சலேட்டை வாரம் ஒருமுறை வடிகட்டாவிட்டால் பாக்டீரியாவையும் சேர்த்து எண்ணுவீர்கள்.

முதல் சாம்பிளின் 4,62,000க்கும் இதே பதில்தான், திசை மட்டும் வேறு. மெஷின் பருமனை வைத்துத்தான் பிரிக்கிறது: சுமார் 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் தட்டணு, அதைவிடப் பெரியது சிவப்பணு. எம்.சி.வி. 63 என்பது சராசரி, அதில் உடைந்த துண்டும் குட்டி அணுவும் எல்லைக்கு இந்தப் பக்கம் விழுந்து தட்டணு என்று பதிவாகும். வரைபடத்தில் தட்டணு வளைவின் வலது வால் கீழே இறங்கி அடிக்கோட்டைத் தொடாமல் தூக்கி நிற்கிறதா பாருங்கள். ஆயில் லென்ஸில் 10 பார்வைப் புலம் எண்ணி, சராசரியை 15,000ஆல் பெருக்குங்கள். 20 வந்தால் 3 லட்சம். ஸ்லைடு எண்ணை எழுதலாம், 'ஸ்லைடு மதிப்பீடு' என்று குறித்து.

அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் என்று நினைக்கிறேன், வயது அப்படி. மாத்திரை கொடுத்து ஒரு மாதம் பார்க்கச் சொல்லலாம்.

---

தட்டோன் லேப்:

டாக்டருக்கு உடனே போன் செய்துவிட்டேன். பையனை அட்மிட் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார். நன்றி அக்கா.

ஸ்லைடின் வாலில் கொத்துகள் இருந்தன, பெரிதும் சிறிதுமாக. அனுப்புவதற்கு முன் சிட்ரேட் டியூப் எடுத்தோம்: 86,000, பெருக்கினால் 94,600. அதன் ஸ்லைடில் கொத்து இல்லை. வெள்ளையணு ஈ.டி.டி.ஏ.யில் 5,900 வந்திருந்தது, இப்போது அதையும் நம்பாமல் சேம்பரில் எண்ணப் போகிறோம்.

முதல் சாம்பிளின் அதே டியூபை லைன் கரண்டில் இன்னும் 5 நிமிடம் போட்டேன், 38லிருந்து 36.5க்கு வந்தது. அதற்குமேல் 3 நிமிடம் போட்டும் இறங்கவில்லை. காலையில் ஓடியது ஜெனரேட்டரில்தான்.

மூன்றாவது சாம்பிள் அப்படியே இருக்கிறது. சுழற்றிய டியூபில் பிளாஸ்மா வைக்கோல் நிறம் இல்லை, நீர்த்த பால் போல வெள்ளையாக இருக்கிறது.

---

ரங்கூன் பிளாஸ்மா:

அந்தப் பால் நிறம்தான் விடை. கொழுப்பு.

மூன்றுக்கு மூன்று என்று ஒரு சின்ன சோதனை இருக்கிறது: அணுவின் அளவு சராசரியாக உள்ளவரிடம் சிவப்பணு எண்ணிக்கையின் (பத்து லட்சத்தில்) மூன்று மடங்கு ஹீமோகுளோபின், அதன் மூன்று மடங்கு ஹெமடோகிரிட், மூன்று புள்ளி முன்பின். இவருக்கு 4.5 × 3 = 13.5, 13.5 × 3 = 40.5. ஹெமடோகிரிட் ஒட்டுகிறது, எண்ணிக்கை ஒட்டுகிறது, 16.8 மட்டும் தனியே நிற்கிறது. ஆக ஹீமோகுளோபின்தான் பொய். எம்.சி.வி. 63 உள்ள முதல் சாம்பிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, பிள்ளைகள் அங்கே போட்டுக் குழம்ப வேண்டாம்.

ஏன் பொய்? ஹீமோகுளோபின் அளப்பது ஒளி தடுக்கப்படும் அளவை வைத்து. கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும், மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எம்.சி.எச்.சி.க்கு உடலில் ஓர் உச்சவரம்பு உண்டு, சிவப்பணு அதற்குமேல் ஹீமோகுளோபினை அடைத்து வைக்க முடியாது. 37ஐத் தாண்டினாலே எங்கோ அளவு தவறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைச் சிவப்பணு நோய் போன்ற சிலவற்றில் 36, 37 நிஜமாக வரும்.

திருத்துவது இப்படி. டியூபைச் சுழற்றி மேலே உள்ள பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, அதை ஒரு சாம்பிள் போல மெஷினில் விடுங்கள். அதில் ஹீமோகுளோபின் என்று ஓர் எண் வரும், அது கொழுப்பின் எண். உதாரணமாக 4.5 வந்தால், பிளாஸ்மாவின் பங்கு 0.595 (1லிருந்து 0.405 போக). 4.5 × 0.595 = 2.7. அதை 16.8லிருந்து கழித்தால் 14.1. மறுபடி எம்.சி.எச்.சி. போட்டால் 34.8, நடைமுறைக்கு ஏற்ற எண். உங்கள் கலரிமீட்டரிலும் செய்யலாம்: டிராப்கின் கரைசல் (ஹீமோகுளோபினை அளக்கத்தக்க நிறமாக மாற்றுவது) 5 மி.லி.யில் ரத்தம் 20 மைக்ரோ லிட்டர், 10 நிமிடம், 540. பிளாங்காக (பூஜ்யம் வைக்கும் டியூப்) வெறும் டிராப்கினை வைக்காமல், அதே 5 மி.லி.யில் அவருடைய பிளாஸ்மா 12 மைக்ரோ லிட்டர் போட்டு வையுங்கள், 20இல் பிளாஸ்மாவின் பங்கு அவ்வளவுதான். டிராப்கினில் சயனைடு இருக்கிறது. வாயால் பிப்பெட் உறிஞ்சக்கூடாது, அமிலம் ஊற்றிய தொட்டியில் கொட்டக்கூடாது. விஷவாயு கிளம்பும்.

எம்.சி.எச்.சி. இதேபோல எகிறி, பிளாஸ்மா தெளிவாக இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்து எம்.சி.வி. 110, 120 என்று காட்டினால் அது வேறு: குளிரில் சிவப்பணு ஒட்டிக்கொள்வது. மெஷின் இரண்டு மூன்றை ஒன்றாக எண்ணுகிறது. ஏ.சி. அறையிலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டியூபிலும் வரும். 37 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, குலுக்கி, சூடு ஆறுவதற்குள் மெஷினில் விடுங்கள்.

பிளாஸ்மாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம், அதில் பெரும்பங்கு ஆல்புமின், 3.5 முதல் 5. தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைப்பது அதுதான். டெங்குவில் பிளாஸ்மா கசியும்போது ஆல்புமினும் கூடவே போகும், ஆகவே ஹெமடோகிரிட் ஏறி ஆல்புமின் இறங்கினால் கசிவுக்கு இரண்டாவது சாட்சி கிடைக்கிறது. உங்கள் 540 ஃபில்டரிலேயே மொத்தப் புரதம் பார்க்கலாம்: பையூரெட், காரத்தில் கரைத்த தாமிர சல்பேட், புரதத்தின் பிணைப்பில் பட்டு ஊதா நிறமாகும். பெரும்பாலான கிட்டில் சீரம் 20 மைக்ரோ லிட்டர், ரீஏஜென்ட் 1 மி.லி., 10 நிமிடம். பாலாக இருக்கும் சாம்பிளுக்கு இங்கும் தனி பிளாங்க் வேண்டும். ஆல்புமினுக்குப் பச்சைச் சாய முறை, அதற்கு 630 பக்கம் ஃபில்டர் வாங்க வேண்டும்.

சீரம் என்பது உறைந்த பிறகு கிடைப்பது, அதில் ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்) கிடையாது. பிளாஸ்மாவில் அது டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருப்பதால் மொத்தப் புரதம் 0.2 முதல் 0.4 கிராம் கூடும். ஒரே நோயாளிக்கு இன்று சீரம், நாளை பிளாஸ்மா என்று மாற்றாதீர்கள். அக்கா ஹெமடோகிரிட்டுக்குச் சொன்னதேதான்.

நம் ஊர் வெயிலில் அதிகம் கெடுவது சர்க்கரையும் பொட்டாசியமும். சிவப்பணு டியூபுக்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சூட்டில் இன்னும் வேகம். பொட்டாசியம் அணுவுக்குள் பிளாஸ்மாவைவிட 20 மடங்குக்கு மேல். கொஞ்சம் உடைந்தாலும் எண் எகிறும். உடையாவிட்டாலும், பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் அணுவின் பம்பு குளிரில் நின்று பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். சீரம் சிவக்காமல் தெளிவாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கரண்ட் போகும் என்று பயந்து முழு ரத்தத்தை ஐஸில் வைப்பதைவிட, உறைந்ததும் சுழற்றி சீரத்தைப் பிரித்து வைப்பதே சரி. ஈ.டி.டி.ஏ. டியூபிலிருந்து சீரம் டியூபுக்கு ரத்தத்தை ஊற்றவே கூடாது. அந்த உப்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது, கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் 9, கால்சியம் 4 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் நோயாளியைத் தேடுவதற்கு முன் டியூபைத் தேடுங்கள்.

---

பெகு ஸ்லைடு:

அந்த பிளாஸ்மா பிளாங்கில் ஒரு சேர்க்கை. மெஷினில் விடும் பிளாஸ்மாவில் சிவப்பணு கலந்துவிட்டால் கழித்தல் தப்பாகும். வெண்பட்டைக்கு அரை சென்டிமீட்டர் மேலிருந்து உறிஞ்சுங்கள், மெஷின் அதில் சிவப்பணு பூஜ்யம் அல்லது அதை ஒட்டிக் காட்ட வேண்டும்.

---

மோல்மேன்காரி:

36.5, 35.4. இப்போது 3 சதவீதம், சிக்கிய பிளாஸ்மாவுக்கு ஏற்ற அளவு. அந்த சென்ட்ரிபியூஜை இனி ஜெனரேட்டரில் ஓட்டினால் 10 நிமிடம் போடுங்கள், ஆனால் ஹெமடோகிரிட் தெரிந்த ஒரு சாம்பிளில் அது போதுமா என்று முதலில் சரிபாருங்கள்.

பெகு தம்பி, அந்தப் பெண்ணுக்கு இரும்பு மாத்திரை விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணைப் பாருங்கள். இரும்பு இல்லாதவருக்கு அணு சிறுப்பதோடு எண்ணிக்கையும் குறையும், செய்ய சரக்கு இல்லை. இவருக்கு ஹீமோகுளோபின் 10.9 இருந்தும் சிவப்பணு 56 லட்சம். எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்தால் 63 ÷ 5.62 = 11.2. 13க்குக் கீழே என்றால் தலசீமியா பக்கம், மேலே என்றால் இரும்புக் குறைவு பக்கம். இது தீர்ப்பு இல்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. ஆனால் இதைப் பார்த்த பிறகு ஃபெரிடின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) பார்க்காமல் மாத்திரை நீட்டுவது நியாயமில்லை. ஒரு மாதம் தின்று எண் ஏறாது, இன்னும் ஒரு மாதம் என்பார்கள். சேமிப்பு நிறைந்தவருக்கு அது வெறும் சுமை.

ஸ்லைடில் நடுவில் புள்ளி வைத்த வட்டம் போல அணுக்கள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள் தட்டோன் தம்பி. புலம் முழுக்க அப்படி என்றால் ஹீமோகுளோபின் ஈ அம்மா, அப்பா இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கலாம். 0.36 சதவீத உப்புக் கரைசல் 2 மி.லி.யில் ரத்தம் 20 மைக்ரோ லிட்டர் விட்டு, அரை மணி நேரம் கழித்து டியூபுக்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட காகிதத்தைப் பிடியுங்கள். நார்மல் அணு உடைந்து கரைசல் தெளியும், கோடு தெரியும். இவருடையது உடையாமல் மங்கலாக நிற்கும், கோடு தெரியாது. இது தலசீமியாவுக்கான வடிகட்டல், ஈ ஒரு பக்கம் மட்டும் உள்ளவர்களைச் சில நேரம் விட்டுவிடும். ஈக்கு நீலச் சாயமான டி.சி.ஐ.பி. கிட், 37 டிகிரியில் 15 நிமிடம், கலங்கினால் பாசிட்டிவ். முடிவு சொல்வது ஹீமோகுளோபின் பிரித்துப் பார்க்கும் சோதனைதான், அதற்கு ரங்கூன் அனுப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் ஏ2 (இன்னொரு ஹீமோகுளோபின் வகை) என்ற இடத்தில் 25, 30 என்று வந்தால் பதறாதீர்கள், ஈயும் ஏ2வும் ஒரே இடத்தில் வந்து விழும். தலசீமியா ஏ2 அவ்வளவு ஏறாது.

அனுப்பும்போது ஈ.டி.டி.ஏ. டியூப் முழுசாக, ஃபிரிட்ஜ் குளிரில், ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி. குளிரில் ஐஸாக உறைந்தால் அணு உடைந்துவிடும். ரத்தம் ஏற்றியவரா, ஏற்றியிருந்தால் எந்தத் தேதி என்று சீட்டில் எழுதுங்கள். ஏற்றி மூன்று மாதத்துக்குள் என்றால் கொடுத்தவரின் ஹீமோகுளோபினைத்தான் பார்ப்பார்கள். கல்யாணம் ஆனவர் என்றால் கணவருடைய ரத்தத்தையும் கூடவே அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இவருக்கு ஈ, அவருக்குப் பீட்டா தலசீமியா என்று இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம், அதைக் கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.